துளசிதாஸ் பலராம்: 7 வருஷ ஆட்டம், 60 வருஷ வாழ்க்கை

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, படிக்க வசதியாகச் சீராக்கிய வடிவம் இது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. "அண்ணே, எங்க ஊர்ல ஒரு பையன் நல்லா பந்து ஆடுறான். சென்னையில ஒரு டீமுக்குக் கூப்பிடுறாங்க. அவன் போயிட்டா அவங்க அப்பாவோட படகுல ஏற ஆள் இல்ல. இந்தக் கால்பந்தை நம்பிப் போகலாமா?" இதுதான் கேள்வி.

போ, போகாதேன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி, கால்பந்து ஆடுறவங்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிஞ்சுக்கணும். அதைப் புரிய வைக்க ஒருத்தரோட வாழ்க்கையை எடுத்துக்கிறேன். பேர் துளசிதாஸ் பலராம். ஆசியாவிலேயே இந்தியா முதல் வரிசையில் ஆடிய காலத்தின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நம்மில் பாதிப் பேர் இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

முதலில் கொஞ்சம் இங்கிலாந்து

பலராமிடம் போவதற்கு முன், சம்பளத்துக்குப் பந்து ஆடுவது எப்படித் தொடங்கியது என்று பார்த்துவிடலாம். கொல்கத்தாவில் பின்னால் நடந்தது எல்லாம் அதுக்கு முன்பே இங்கிலாந்தில் நடந்து முடிந்த கதைதான்.

இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் 1863இல் உருவானது. அதை உருவாக்கியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆட்டம் என்பது பொழுதுபோக்கு. ஆடுவதற்குக் காசு வாங்குவது கௌரவக் குறைச்சல். விதியும் அப்படியே: ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது.

வடக்கே லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் நிலைமையே வேறு. அங்கே ஆடியவர்கள் தொழிலாளிகள். ஒரு நாள் ஆட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் கிளப்புகள் மறைமுகமாகக் கொடுக்கத் தொடங்கின. கிளாஸ்கோவிலிருந்து ஃபெர்கஸ் சூட்டர் என்ற கல்தச்சர் 1878இல் டார்வென் என்ற ஊருக்கு வந்தார். கொஞ்ச நாளில் கல்வேலையை விட்டுவிட்டார். "இந்த ஊர்க் கல் ரொம்பக் கடினம்" என்று காரணம் சொன்னாராம். ஆனால் பந்து மட்டும் ஆடிக்கொண்டே இருந்தார். அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று ஊருக்கே தெரியும். ஆனா யாரும் வெளியே சொல்லலை.

1884இல் இது வெடித்தது. பிரெஸ்டன் அணி ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுக்கிறது என்று லண்டன் அணி ஒன்று புகார் செய்தது. பிரெஸ்டனின் தலைவர் வில்லியம் சடெல் ஒரு பஞ்சாலை மேலாளர். அவர் மறைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு ஊரிலேயே வேலை ஏற்பாடு செய்து கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார். பிரெஸ்டனைப் போட்டியை விட்டு நீக்கினார்கள். வடக்கத்திக் கிளப்புகள் தனிச் சங்கம் தொடங்கிவிடுவோம் என்று மிரட்டின. கடைசியில் 1885 ஜூலையில் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கினார்கள்.

சட்டம் மாறினாலும் மனசு மாறலை. பிளாக்பர்ன் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஃபாரெஸ்ட் இங்கிலாந்து அணிக்கு ஆடிய முதல் தொழில்முறை வீரர். 1886இல் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், காசு வாங்கி ஆடுகிறவர் என்று அடையாளம் தெரியணும்னு அவருக்கு மட்டும் வேறு நிறச் சட்டை கொடுத்தார்கள். அந்த மனுஷன் 5 தடவை எஃப்.ஏ. கோப்பை வென்றவர்!

இங்கே "வேலை ஏற்பாடு செய்து கொடுத்தோம்" என்று சடெல் சொன்னாரே, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பலராம் கதையில் அது திரும்ப வரும்.

அம்முகுடாவிலிருந்து ஒரு வாடகை சைக்கிள்

துளசிதாஸ் பலராம் 1936இல் பிறந்தார். ஊர் செகந்திராபாத் பக்கம் அம்முகுடா. ராணுவ முகாம்கள் நிறைந்த பகுதி. கஷ்டப்பட்ட குடும்பம். காலணி வாங்கக் காசில்லை. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, பந்து ஆடுகிற மாதிரி மாற்றிப் போட்டுக்கொண்டவர்.

அப்போது ஹைதராபாத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தார்: சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரானவர். ஹைதராபாத் போலீஸ் அணியை நாட்டிலேயே பெரிய அணியாக்கியவர். இந்திய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். (2024இல் வந்த 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான்.) ரஹீம் பலராமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சிக்கு வரச் சொல்கிறார். அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத்துக்கு தினமும் வந்துபோகக் கையில் காசில்லை என்கிறார் பையன். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கோ என்று ரஹீம் தன் பையிலிருந்து காசு கொடுத்தார்.

இதை ஒரு நல்ல மனசின் கதையாக மட்டும் பார்க்காதீங்க. திறமை இருந்தும் அந்த சைக்கிள் வாடகை இல்லாததால் வெளியே தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நம்ம குப்பத்துப் பையனுக்கும் அதே கணக்குதான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து சென்னை போய்ப் பயிற்சி முடித்துத் திரும்பினால் முழு நாளும் போச்சு. காசும் போச்சு. படகு வருமானமும் போச்சு. திறமைக்கு முன்னால் இந்தக் கணக்குதான் வாசலில் நிற்கும்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1956-57 சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் வென்றது. பலராம் அந்த அணியில். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியிலும் அவர் இருந்தார். வயசு 20. அந்த ஒலிம்பிக்கில்தான் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை போன முதல் ஆசிய அணி நாம்தான்.

கொல்கத்தா: சம்பளம் என்று யாரும் சொல்லாத சம்பளம்

1957இல் பலராம் கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் எங்கே நல்லா ஆடினாலும் கடைசியில் போய்ச் சேர்வது கொல்கத்தாவில்தான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய கிளப்புகள்; அரங்கு நிறைந்து வழியும் கூட்டம்.

இவ்வளவு கூட்டம், இவ்வளவு டிக்கெட். ஆனால் ஆட்டக்காரர் அதிகாரபூர்வமாக அமெச்சூர். அதாவது சம்பளம் வாங்காதவர். கிளப் கையில் ஏதாவது கொடுக்கும், தங்க இடம் கொடுக்கும், சாப்பாடு போடும். கணக்குப் புத்தகத்தில் சம்பளம் என்று இருக்காது. லங்காஷயரில் 1880களில் நடந்த அதே நாடகம், 70 வருஷம் கழித்து ஹூக்ளி நதிக்கரையில்.

அப்ப நிஜமான சம்பளம் எங்கே? வேலையில். ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, வங்கி, போலீஸ், ராணுவம் எல்லாம் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தன. பலராமோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் இன்னும் இரண்டு பேரைப் பாருங்க. பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, அந்த ரயில்வே அணிக்கே ஆடினார். பெரிய கிளப் எதற்கும் போகவில்லை. சுனி கோஸ்வாமி மோகன் பகானில் ஆடினார். வேலை ஸ்டேட் வங்கியில். நம்ம இன்னொரு ஆள், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடி, 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பை வென்றார். இவங்க எல்லாருக்கும் காலையில் பயிற்சி, மாலையில் ஆட்டம், மாசம் பிறந்தா வேலைச் சம்பளம்.

இதைப் பழவேற்காட்டுக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஏரியில் பாடு முறை இருக்கில்ல? நல்ல மீன்பாடு உள்ள இடத்தில் இன்னைக்கு ஒருத்தர் முறை, நாளைக்கு இன்னொருத்தர் முறை. ஒரு நாள் வலையில் ஒன்றும் விழாவிட்டாலும், அடுத்த முறை உனக்கு உண்டு என்ற உறுதி இருக்கு. ஒரு நாள் அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் குடும்பம் நடத்தலை. பாட்டில் இருக்கிற உரிமையை நம்பித்தான் நடத்துறாங்க. ரயில்வே வேலை அந்த ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு பாடு. கால் ஓடாத நாளிலும் அது அவருடையது. ஆனா பாட்டில் பங்கு இல்லாத குடும்பம் வெளியே நின்று பார்க்கிற மாதிரி, வேலை கிடைக்காத ஆட்டக்காரரும் வெளியேதான் நிற்கணும். இந்த முறையில் அந்தக் குறையும் சேர்ந்தே இருந்தது.

ரோம், ஜகார்த்தா

1960 ரோம் ஒலிம்பிக். இந்தியாவுக்குக் கிடைத்த குழு ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. முதல் ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு இந்திய கோல் பலராம் அடித்தது. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணி. பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். குழுவைத் தாண்டவில்லை. இந்தியக் கால்பந்து ஒலிம்பிக் போனது அதுதான் கடைசி.

1961இல் பலராம் ஈஸ்ட் பெங்கால் கேப்டன். அந்த வருஷம் கொல்கத்தா லீக்கை அவர்கள் வென்றார்கள். இதே 1961இல் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே ஆட்டக்காரர்களுக்கு உச்ச சம்பள வரம்பு ஒன்று இருந்தது. 1901இல் வாரம் 4 பவுண்டு என்று தொடங்கி, 1961இல் வாரம் 20 பவுண்டு வரை வந்திருந்தது. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்றதால், அந்த ஜனவரியில் வரம்பை நீக்கினார்கள். உடனே ஃபுல்ஹாம் கிளப் தன் கேப்டன் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அங்கே ஆட்டமே தொழிலாக மாறிக்கொண்டிருந்த அதே வருஷம், நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான பலராம் காகிதத்தில் அமெச்சூர்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றோம். ஜப்பானுக்கு எதிராகப் பலராமும் ஒரு கோல் அடித்தார். அரையிறுதியில் தென் வியட்நாம் 3-2. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், மறுபடி அதே தென் கொரியா. அரசியல் சர்ச்சை ஒன்றால் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. தலையில் காயத்தோடு ஜர்னைல் சிங், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ். பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வாங்கவே இல்லை.

அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது பலராமுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயசு. இன்னும் 6, 7 வருஷம் ஆடலாம் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

1963

அடுத்த வருஷமே நுரையீரல் நோய் வந்தது. ஓடினால் மூச்சு நிற்கும் நிலையில் கால்பந்து எங்கே? ஆட்டம் முடிந்தது. அதே 1963 ஜூனில் ரஹீமும் புற்றுநோயால் இறந்துபோனார். சைக்கிள் வாடகை கொடுத்துக் கூட்டிவந்தவரும் போய்விட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1956 மெல்போர்னிலிருந்து 1963 வரை 7 வருஷம். இந்தியாவுக்காக அவர் ஆடியது அவ்வளவுதான். அவர் இறந்தது 2023 பிப்ரவரி 16, வயது 86. நடுவில் 60 வருஷம். ஆட்டக்காரரின் வாழ்க்கை என்று நாம் பேசுவதெல்லாம் அந்த 7 வருஷத்தைத்தான். அவர் வாழ வேண்டியிருந்தது மீதி 60 வருஷத்தை.

அந்த 60 வருஷத்தைத் தாங்கியது எது? தங்கப் பதக்கம் இல்லை. ரயில்வே. கடைசியாக அவர் போய்ச் சேர்ந்தது பி.என்.ஆர். அணி, பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் அணி, அப்போது தென்கிழக்கு ரயில்வே. ஆட முடியாமல் போன பிறகும் வேலை இருந்தது. அந்த அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஒரு ஃபிளாட்டில் அமைதியாக வாழ்ந்தார்.

மனக்குறையும் இருந்தது. சுனி கோஸ்வாமிக்கு 1983இல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990இல் பத்மஸ்ரீ. மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்கிற நாடு, மூன்றாமவருக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. தான் உயிராய் ஆடிய கிளப்பின் மீதும் அவருக்குக் கசப்பு இருந்தது. கைதட்டியவர்கள் எல்லாம் 7 வருஷத்தோடு போய்விட்டார்கள் என்று ஒருவருக்குத் தோன்றினால், அது தப்புன்னு நம்மால் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் வேலை என்ற தாங்கல் இல்லாமல் சம்பளத்தை மட்டும் நம்பியவர் ஒருவரைச் சொல்றேன். ஆர்தர் வார்ட்டன். இன்றைய கானாவின் அக்ராவில் 1865இல் பிறந்து இங்கிலாந்து வந்தவர். 1886இல் 100 கெஜத்தை 10 விநாடியில் ஓடிய மின்னல். பிறகு கோல்கீப்பராகச் சம்பளத்துக்கு ஆடினார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று கொண்டாடப்படுகிறவர். 1902இல் ஆட்டம் முடிந்தது. பிறகு யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930இல் இறந்தபோது கல்லறையில் பேர்கூட இல்லை. 1997இல்தான் அங்கே கல் வைத்தார்கள். சிலை 2014இல் வந்தது. பாராட்டு வந்து சேர 80 வருஷத்துக்கு மேல் ஆச்சு. சாப்பாடு அவ்வளவு நாள் காத்திருக்காது இல்லையா?

இன்று என்ன மாறியிருக்கிறது?

ஒளிவுமறைவு போய்விட்டது. 1996இல் தேசிய லீக் வந்தது, 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. இன்று சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியே வருகிறது. லட்சங்களில் வருகிறது. கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனார். அப்படிப் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க ஆட முடியாமல் போனது. பலராமுக்கு நுரையீரல், இவருக்கு முழங்கால். உடம்பை வைத்துச் செய்கிற தொழிலில் இந்த ஆபத்து எந்தக் காலத்திலும் போகாது.

இன்னொன்று. 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். நடத்துகிற உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதால் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. ஏரியின் முகத்துவாரத்தில் மண் அடைச்சுட்டா, எவ்வளவு கெட்டிக்கார மீனவரும் உள்ளே மீன் வரவழைக்க முடியாது. அது அவர் குற்றமும் இல்லை. லீக் நின்றால் ஆட்டக்காரர் நிலையும் அதுதான்.

அதனால் அந்தப் பையனுக்கு நான் சொல்வது இது. கூப்பிட்டிருந்தா போகட்டும். 18, 20 வயசில் வருகிற அழைப்பு 28இல் வராது. ஆனால் போவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கட்டும். ஒன்று, பயணச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு? ரஹீமின் சைக்கிள் வாடகை போல, இதை யாராவது ஏற்றால்தான் பயிற்சி நிற்காமல் நடக்கும். இரண்டு, அடிபட்டால் சிகிச்சை யார் செலவு, அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? இது எழுத்தில் இருக்கணும், வாய்வார்த்தையாக இல்லை. மூன்று, ஆடும்போதே படிப்பும் வேலைக்கான வழியும் திறந்திருக்கிறதா? சென்னை லீக்கில் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகள் ஆடுகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைகளும் இருக்கு. அதற்கு மாவட்ட, மாநில அளவில் ஆடிய சான்றிதழ்கள் வேண்டும், படிப்புத் தகுதியும் வேண்டும். சான்றிதழை ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கேட்டு வாங்கி வைக்கணும். அஞ்சு வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. அண்ணாச்சி, படகில் ஆள் குறைவது நிஜமான நஷ்டம். அதை யாரும் சின்னதாகப் பேசக்கூடாது. பையன் போவதென்றால் இரண்டு வருஷம் என்று ஒரு கெடு வச்சுக்கங்க. அந்த இரண்டு வருஷத்தில் மாநில அளவுக்கு வந்தானா, கையில் சான்றிதழ் சேர்ந்ததா, படிப்பு நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்க. வந்திருந்தால் விடுங்க. வராவிட்டாலும் அவன் திரும்பி வந்து படகில் ஏறுவதில் ஒரு அவமானமும் இல்லை.

இந்த எபிசோடைத் தயார் பண்ணும்போது பலராமின் பழைய படம் ஒன்றைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, அமைதியான முகம். ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்த ஆள் என்று சொன்னால்தான் தெரியும். உங்க ஊர்ப் பசங்க மெஸ்ஸி, ரொனால்டோ பேரை முதுகில் எழுதிக்கொண்டு ஆடுறாங்க, நல்லது. கூடவே இந்தப் பேரையும் ஒரு தடவை சொல்லிக்கொடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க ஊரில் ரயில்வேக்கோ, போலீசுக்கோ, வங்கிக்கோ பந்து ஆடி ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தா, அவரிடம் உட்கார்ந்து பேசி, அந்தக் கதையை ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்க.